கொச்சியில் மாறி ஏறிய படகு

2000-களின் தொடக்கம். எங்களிடம் செல்போன் கிடையாது. திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவந்தேன். தீபாவளி லீவில் கணவரோடும் நாலு வயது மகளோடும் கொச்சிக்குப் போனேன்.

பெயருக்கு ஒரே ஊர். ஆனால் துண்டு துண்டாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது. நாம் டவுன் பஸ் பிடிப்பது போல, அங்கே படகு பிடித்து வேலைக்குப் போகிறார்கள். பழைய கோட்டைப் பகுதியைப் பார்க்கலாம் என்று எர்ணாகுளம் படகுத்துறைக்கு வந்தோம்.

"நீ முன்னால போயி எடம் புடி புள்ள" என்றார் கணவர். மகள் அவர் தோளில் இருந்தாள். கூட்டம் தள்ளிய தள்ளலில் எதிரே நின்ற படகில் ஏறிவிட்டேன். அது கிளம்பிய பிறகு திரும்பிப் பார்த்தால், இருவரும் கரையிலேயே நிற்கிறார்கள்! மகள் கையை நீட்டிக் கத்துகிறாள். மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

சுற்றிலும் தண்ணீர். எந்தக் கரைக்குப் போகிறோம் என்றே தெரியாது. அழுதுவிட்டேன். பக்கத்தில் காலி மீன்கூடையோடு இருந்த அம்மா, "கரையாதே மோளே" என்றார். அழாதே மகளே என்று சொல்கிறார் என்பது அவர் முகத்திலேயே புரிந்தது.

படகு வைப்பின் தீவில் நின்றது. அதே படகில் திரும்பிவிடத் துடித்தேன். அந்த அம்மா என் கையை விடவில்லை. "இவிடெ இரி. அவன் வரும்" என்று, இரண்டு விரல்களை ஒன்றையொன்று தாண்டிப் போகவிட்டுக் காட்டினார். நான் அங்கே போக, கணவர் இங்கே வந்தால்?

அடுத்த படகு வந்தது. அவர் இல்லை. அந்த அம்மா ஏற வேண்டிய பஸ்ஸும் வந்தது. கையசைத்து அனுப்பிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கடுத்த படகில் மகளோடு இறங்கினார் கணவர். "உசுரே போயிருச்சு புள்ள" என்றார். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அந்த அம்மா அவரை மலையாளத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு வார்த்தைகூடப் புரியாமலே, "சரீங்க... சரீங்க" என்று தலையாட்டினார் இவர். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

இப்போது திருப்பூர் ரயில் நிலைய வாசலில், மூட்டையும் குழந்தையுமாகத் திகைத்து நிற்கும் வடநாட்டுப் பெண்களைப் பார்த்தால் என்னால் கடந்துபோக முடிவதில்லை. எனக்கு இந்தி வராது. ஆனால் பாஷை தெரியாத ஊரில் யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பது எனக்குத் தெரியும்.