ஆயுத பூஜை அன்று ஒரு கண்ணாடி உருளையோடு திருவாதவூருக்கு

போன வருடம், 2007-ல், ஆயுத பூஜை அன்று, மதுரை ஜங்ஷனில் காலை 7:10-க்கு இறங்கினேன். பெங்களூரிலிருந்து இரவு முழுக்கத் தூங்கவில்லை. மடியில் ஒரு பெட்டி. அதற்குள் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடி உருளை. எங்கள் ஆய்வகத்தில் அப்படி இருந்தது அது ஒன்றுதான்.

பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க, இரண்டு செயற்கைக்கோள்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பறக்கவிட்டு, நடுவில் உள்ள தூரத்தை அளப்பார்கள். இப்போது ரேடியோ அலையால் அளக்கிறார்கள், அடுத்து லேசரால் அளக்கப் போகிறார்கள். ஆனால் லேசரின் அதிர்வெண் கொஞ்சம் ஆடினாலும் தூரமே மாறியதுபோலத் தெரியும். ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் வேண்டும். அதுதான் என் மடியில் இருந்தது. உருளையின் இரு முனையிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடிகள். அவற்றுக்கு நடுவில் சரியாகப் பொருந்துகிற அதிர்வெண்ணுள்ள ஒளி மட்டும் உள்ளே தங்கும், மற்றது வெளியே தள்ளப்படும்.

இந்தச் சோதனைக்கு நிலம் அதிராமல் இருக்க வேண்டும். பெங்களூரில் அதற்கு வழியே இல்லை. என்னோடு ஆய்வு செய்யும் ஜெயந்திக்குச் சொந்த ஊர் திருவாதவூர். "ஆயுத பூஜைக்கும் மறுநாளுக்கும் எங்க பக்கம் ரைஸ்மில், குவாரி, ரம்பம் எதுவும் ஓடாது. எங்கண்ணன் நெல்லுக் கிடங்கு சும்மாதான் கெடக்கு" என்றாள். வருடத்தில் இரண்டே நாள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்த இரண்டு நாள் அளவை நம்பித்தான் இருந்தது. லேசரையும் மற்ற கருவிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அவள் முன்பே போய்விட்டாள். உருளை மட்டும் என் பொறுப்பு.

கோச்சடையைச் சேர்ந்த ஆண்டிச்சாமி அண்ணனின் வேனை 700 ரூபாய்க்குப் பேசியிருந்தேன். தூரம் 25 கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைக்குப் பூஜை போடாமல் வண்டியை எடுக்க மாட்டார்.

"ஒரு அரை மணி நேரம் பொறுங்க தம்பி. டீயக் குடிச்சிட்டு வாங்க, முடிச்சிர்றேன்."

நான் பெட்டியை முன் இருக்கையில் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனேன். டீ மூன்று ரூபாய். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டீயரிங், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். என் பெட்டியின் மூடி மேலும் பெரிதாக ஒரு பொட்டு.

"யாரைக் கேட்டு அண்ணே இதுல வச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"ஆயுதம்னு சொன்னா எல்லாந்தான தம்பி? அம்புட்டு தூரத்துலருந்து கொண்டாந்த சாமான விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

முகம் சுருங்கிப்போனாலும் தட்டை நீட்டினார். பயத்தில் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். போதாதென்று இன்னொரு முறையும் பூசினேன். 8:20-க்கு எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறியது.

ஒத்தக்கடை தாண்டியதும் கவலை தின்ன ஆரம்பித்தது. உருளையின் நடுவில், உள்ளிருக்கும் காற்றை எடுக்க ஒரு சின்னத் துளை உண்டு. அதன் மேல் ஓர் ஒட்டு நாடா. அது கழன்றிருந்தால்? மூடி இடுக்கு வழியாகக் குங்குமம் இறங்கியிருந்தால்? வண்டி குலுங்கும்போதெல்லாம் பொட்டிலிருந்து ஒரு துகள் உள்ளே போவதாகத் தோன்றியது. பொறுக்க முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். நாடா அப்படியே இருந்தது. அதோடு மூடியிருக்கலாம். துளைக்குள்ளும் பார்த்தால்தான் நிம்மதி என்று நாடாவை உரித்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்ப ஒட்டினேன். அண்ணன் வண்டியை எடுத்தார்.

9:25-க்குக் கிடங்கு. ஊரே சத்தமில்லாமல் இருந்தது. அதிர்வு காட்டும் கருவியில் கோடு ஏறக்குறைய நேராக ஓடுவதைப் பார்த்து ஜெயந்தி சிரித்தாள். முதலில் ஆடிகள் சுத்தமா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஒளியை விட்டு லேசரைச் சட்டென்று மறைத்தால், அந்த ஒளி கொஞ்ச நேரம் தங்கி மங்கும். ஆடியில் அழுக்கு இருந்தால் சீக்கிரமே மங்கிவிடும். பெங்களூரில் பத்து மைக்ரோ செகண்ட் தங்கியது. இங்கே மூன்று. மறுபடி செய்தோம், மூன்று. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அந்த ஆள் வச்ச பொட்டுதான்" என்றேன். வாசலில் நின்ற ஆண்டிச்சாமி அண்ணன் காதில் அது விழுந்தது.

"என்னாலயா கெட்டுப்போச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜெயந்தி டார்ச்சையும் லென்சையும் எடுத்து ஆடியின் பின்புறம் வழியாக நெடுநேரம் பார்த்தாள். பிறகு லென்சை என்னிடம் கொடுத்தாள். ஆடியின் நடுவில் இரண்டு மூன்று புள்ளிகள்.

"குங்குமம்னா செவப்பால்ல இருக்கணும்? இது வெள்ளையா இருக்கு" என்று என் நெற்றியைப் பார்த்தாள்.

கையால் தொட்டுப் பார்த்தேன். திருநீறு விரலில் உதிர்ந்து வந்தது.

அங்கே வைத்து அதைச் சுத்தம் செய்ய முடியாது. இரண்டு நாள் அமைதியும் வீணாயிற்று. ஜெயந்தி திட்டவில்லை, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். அவள் திட்டியிருக்கலாம். வெளியே போய் அண்ணனிடம், உங்கள் பொட்டு இல்லை, நான்தான் கெடுத்தேன் என்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார் போல. திரும்பும்போது நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார். எவ்வளவு கெஞ்சியும் வாங்கவில்லை. அந்த நூறு ரூபாய் இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்படி ஏதாவது கொண்டு போகிறவர்களுக்கு: ஜங்ஷனிலிருந்து ஒரு மணி நேரம் போதும். பூஜை நாளில் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். வழியில் எந்தக் காரணத்துக்கும் பெட்டியைத் திறக்காதீர்கள், முக்கியமாக மனசு அடித்துக்கொள்ளும்போது. ஜெயந்தியின் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. உருளையைச் சுத்தம் செய்துவிட்டோம், வரும் ஆயுத பூஜைக்கு மறுபடி போகிறோம். ஆண்டிச்சாமி அண்ணனிடம்தான் வேன் சொல்லியிருக்கிறேன். பெட்டியில் அவர் எவ்வளவு பெரிய பொட்டு வேண்டுமானாலும் வைக்கட்டும். பெட்டி இந்த முறை ஜெயந்தியின் மடியில் வரும்.