பாலாற்றில் தண்ணீர் பார்க்கப் போன மாலை

வெளியூர்க்காரர்கள் காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் பட்டுப்புடவை எடுக்கவும் வருவார்கள். ஊர்க்காரர்களான எங்களுக்குப் பார்க்கக் கிடைக்காத அதிசயம் ஒன்றுதான்: பாலாற்றில் தண்ணீர். எப்போதும் பாலத்துக்கு அடியில் மணலும் முட்செடியும்தான் கிடக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் வெள்ளம் வந்தது. மழை விட்ட ஒரு மாலையில் அப்பா, "கெளம்புங்க, ரெண்டு கரையும் தொட்டுக்கினு தண்ணி போவுதாம்" என்றார். அத்தை வரவில்லை என்றாள். அப்பாவின் தங்கை அவள். அந்த ஆடியில்தான் கணவன் வீட்டை விட்டு ஒரு பையோடு எங்களிடம் வந்திருந்தாள். யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. "சும்மா வாம்மா, காத்தாட இருக்கும்" என்று அம்மாதான் தலைவாரிவிட்டு அழைத்து வந்தாள்.

பாலத்தில் தேர்க்கூட்டம். ஆளாளுக்குக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்ததும் பாலமே நகர்வதுபோல எனக்குத் தலை சுற்றியது. ஒரு பேருந்து கடந்தபோது காலடி அதிர்ந்தது.

"பாலம் ஆடுதுப்பா!"

"எல்லாப் பாலமும் ஆடும்மா. ஆடலன்னாதான் ஒடையும்" என்று சொல்லிவிட்டு, அப்பா சோளக்கதிர் வாங்கப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டியது. அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வேரோடு பெயர்ந்த பனைமரம் ஒன்று மிதந்து வந்து தூணில் மோதியது. கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு நெருக்கியது. அந்த நேரத்தில் அம்மா என் கையை உதறினாள். விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டேன். சுற்றிலும் கால்கள். பாலம் இடிந்துகொண்டிருக்கிறது என்றே நினைத்து, "அம்மா, அம்மா" என்று அலறினேன். யாரோ தூக்கி நிறுத்தியபோதுதான் அம்மா தெரிந்தாள். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் ஒரு காலை ஏற்றியிருந்த அத்தையை இரண்டு கையாலும் பின்னாலிருந்து கட்டிப்பிடித்திருந்தாள்.

"வுடுங்க அண்ணி, தண்ணிதான் பாக்குறேன்."

"பாத்தது போதும். வா, வூட்டுக்குப் போலாம்."

ஆட்டோவில் ஏறியதும் அப்பாவிடம் புகார் சொன்னேன். "அம்மா என்ன வுட்டுட்டு அத்தைய புடிச்சிக்கினாங்கப்பா." அப்பா சோளக்கதிரை என் கையில் திணித்தார். வீடு வரும்வரை அம்மா அத்தையின் மணிக்கட்டை விடவில்லை. அத்தை மட்டும் குனிந்து, என் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதே அழ ஆரம்பித்தாள். அவ்வளவு பெரிய காயமில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

பிறகு அத்தை மெல்லத் தேறினாள். இப்போது ஏனாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் கல்யாண ரவிக்கை அவள் தைத்ததுதான்.

ஆனால் அன்றைக்கு நான் அம்மாவோடு பேசவில்லை. பாலம் இடிந்தால் அம்மா முதலில் யாரைக் காப்பாற்றுவாள் என்பது தெரிந்துவிட்டதாக நினைத்து, வெகுநாள் அந்தக் கோபத்தை வைத்திருந்தேன். பாலம் இடியாது என்பது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். அவள் பயந்தது பாலத்தை நினைத்து அல்ல.