மஞ்சள் விளக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் பாதையில் வேகத்தடைகள் எங்கெங்கே உள்ளன என்பது, கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநரைவிட முத்துச்செல்விக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றும் நெருங்கும்போது முன்னிருக்கைக் கம்பியைப் பற்றிக்கொண்டு தொடைகளை இறுக்குவாள். மகள் கனிஷ்கா தவழத் தொடங்கிவிட்டாள். பிரசவத்தோடு வந்த தொல்லையோ போகவில்லை. தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிந்தது. சாம்பல் நிறச் சீருடை ஈரத்தை மறைக்காது. ஒருநாள் எவராவது பார்த்துவிட்டால் மறுநாள் வேலைக்கு வரக்கூடாது என்று மனத்துக்குள் தீர்மானித்திருந்தாள். அந்த நாள் வராமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள்.

கம்பெனியில் வயர்களைக் கட்டும் லைனில், இடத்தைவிட்டு நகர மஞ்சள் விளக்கைப் போடவேண்டும். மாற்றாள் கங்கம்மாள் வந்து நின்றபின்பே கழிவறைக்குப் போகலாம். அடிக்கடி விளக்கெரியக் காரணம் கேட்ட சூப்பர்வைசர் சுபாஷிடம், "வீட்டுக்கு விலக்கு சார்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு விலகினார். அந்தப் பொய் வசதியாயிருந்தது. வாராவாரம் அவரிடமும் கங்கம்மாளிடமும் அதையே சொன்னாள்.

இன்று பெட்டியொன்றைத் தூக்கியபோது உள்ளாடை நனைந்துவிட்டது. விளக்கைப் போட்டாள். கங்கம்மாள் வந்தாள்.

"இன்னாடி, எங்களுக்கெல்லாம் மாசத்துக்கு ஒரு வாட்டி. உனக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு வாட்டியா?"

முத்துச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மறுபடியும் கசிந்தது. அழுதுவிட்டாள். "அது இல்லக்கா. அடக்க முடியல. வேலைய விட்டுருதேன்."

"இதுக்கா? நானும் ரெண்டு பெத்தவதான். இருமுனா எனக்கும் அதே கதைதான். நர்ஸாண்ட போ."

கம்பெனி மருத்துவ அறையில் நர்ஸ் ஷெர்லின் கேட்டாள்: "தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?"

"குடிக்கதில்ல சிஸ்டர். போகும்போதுலாம் எரியுது."

"குடிக்காம இருந்தா அவசரமும் எரிச்சலும் கூடத்தான் செய்யும். டெஸ்ட் பண்ணிடலாம். பிரசவத்துல இடுப்போட அடித்தசை தளர்ந்திருக்கும். சரிபண்ண பயிற்சி இருக்கு. ஒண்ணுக்கை அடக்குற மாதிரி உள்ளே இழுத்துப் பிடிங்க, மூச்சை மட்டும் அடக்காதீங்க. அப்புறம் முழுசா விடுங்க. தினமும் செய்யணும். குறைய மாசக்கணக்காகும். டாக்டரையும் பாருங்க."

பிற்பகலில் விளக்கு மீண்டும் எரிந்தது. சுபாஷ் முகம் சுளித்தார். "திரும்பவுமா?"

"விலக்குன்னு சொன்னது பொய் சார். புள்ள பெத்ததுல இருந்து ஒண்ணுக்கு அடக்க முடியல. வைத்தியம் பாக்கப் போறேன். அதுவரைக்கும் வெளக்கு எரியத்தான் செய்யும்."

"சரிம்மா... போங்க, போங்க" என்று தடுமாறியவர் கங்கம்மாளை அவசரமாகக் கைகாட்டி அழைத்தார்.

வீடு திரும்பும் பேருந்தில் முத்துச்செல்வி பாட்டிலைத் திறந்து குடித்தாள். வேகத்தடை வந்தது. உள்ளே இழுத்துப் பிடித்தாள். ஆனாலும் ஒரு சொட்டு. அடுத்த தடைக்கு இன்னும் தூரமிருந்தது. பாட்டிலை மூடாமல் இன்னொரு மிடறு குடித்தாள்.