ஜோடி பார்க்கும் கண்

இந்த ஊரில் முட்டை வேக நேரம் வைக்கிற மணியை வைத்துக்கொண்டு படம் வரையச் சொல்கிறார்கள். இருபது நிமிஷம். தபால் அட்டை அளவுக் காகிதம், மூன்றே வர்ணம், ஒரே பொருள். மணி அடித்ததும் பாதியில் நின்றாலும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். குவாஷ் என்கிற இந்த வர்ணம் தண்ணீரில் கரையும், காய்ந்தால் சுண்ணாம்பு பூசினது போல அடைத்துக்கொள்ளும். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு இத்தாலியில் ஓவிய வகுப்பா என்று ஆம்பூரில் சிரிப்பார்கள். நான் எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, ஊரிலிருந்து போன் ஏன் வரவில்லை. அந்த இருபது நிமிஷம் மட்டும் பயம் கொஞ்சம் கம்மி. அதற்காகவே நூலகத்தில் நடக்கும் இலவச வகுப்புக்குப் போகிறேன்.

போன மாதம் ஒரு ஜோடி பழைய ஷூவை ஜன்னலோரம் வைத்து வரையச் சொன்னார்கள். டீச்சர் மார்த்தா, என்னைவிடச் சின்னவள், என் அட்டையைப் பார்த்துவிட்டு "குவார்தா" என்றாள். பார் என்று அர்த்தம். வலது ஷூ வெளிச்சத்தில் இருக்கிறது, இடது நிழலில் இருக்கிறது, இரண்டையும் ஒரே பழுப்பில் போட்டிருக்கிறாயே, நிழல் தெரியவில்லையா என்று கேட்டாள். தெரிந்தது. தெரிந்ததால்தான் அழித்தேன். அதைச் சொல்ல என் இத்தாலியன் போதாது, தலையாட்டினேன். அவள் ஒரு கண் டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் எனக்கு ஜோடி பார்க்கிற வேலை. இடது கால் தோலையும் வலது கால் தோலையும் டியூப்லைட்டுக்கு அடியில் பக்கம் பக்கமாக வைத்து ஷேடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். துளி மாறினாலும் ரிஜெக்ட். ஒரே தோலில் வெட்டினால்தான் ஜோடி சேரும் என்பார்கள். ஒரு நாள் நான் அசந்துபோய் அனுப்பிய ஜோடியை சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து, "இன்னாக்கா, இதப் போட்டுக்கினு வெள்ளக்காரன் ஒத்தக் கால்லயே நடப்பானா?" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து கண் நிழலை மன்னிப்பதில்லை.

வீட்டுக்காரருக்கு இங்கே தோல் ஷாப்பில் வேலை கிடைத்தபோது எங்கள் மகள் ஜெனிக்கு ஆறு வயது. என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம், ஆறு மாதத்தில் கூட்டிக்கொள்வதாக. விசா ஆபீசில் முதலில் வீடு சின்னது என்றார்கள், பிறகு ஒரு காகிதம் கம்மி என்றார்கள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. போன மாதம்தான் அவள் வரலாம் என்று அனுமதி வந்தது. போனில் சொன்னேன். பத்து நாளில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

அந்தப் பத்து நாளும், அவள் வந்தால் குளிருக்குப் போட நான் வாங்கி வைத்திருந்த பூட்ஸைத்தான் வரைந்தேன். ஒரு நாள் இடது, மறுநாள் வலது. நேற்றைய பழுப்பை இன்று எவ்வளவு கலந்தும் பிடிக்க முடியவில்லை. ஈரத்தில் ஒத்துப்போகும், காய்ந்ததும் விலகிவிடும். பத்து அட்டையில் ஒரு ஜோடிகூடத் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வீடியோவில் வந்தாள். உள்பக்கம் திரும்பி என் அக்காவுக்குக் குரல் கொடுத்தாள்: "அம்மா, இத்தாலிம்மா லைன்ல கீறாங்க." அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் வர்லம்மா. இங்க அம்மா தனியா இருப்பாங்க. நீ வேணா லீவுக்கு வந்துட்டுப் போ."

"உன் ஷூ சைஸு இன்னா கண்ணு?" என்றேன்.

"அஞ்சு. எதுக்கு?"

"சும்மாதான்."

அஞ்சு என்றால் இங்கே முப்பத்தெட்டு. எத்தனை ஏற்றுமதிப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கடியில் இருக்கிற பூட்ஸ் முப்பத்துநாலு.

மறுநாள் அந்த பூட்ஸை ஜோடியாக ஜன்னலோரம் வைத்து மணியைத் திருகினேன். வலது வெளிச்சத்தில், இடது நிழலில். அழிக்கத் தெம்பில்லை, அப்படியே விட்டேன். வகுப்புக்குக் கொண்டுபோனதும் மார்த்தா "பிராவா, பிராவா" என்று கைதட்டி வகுப்புச் சுவரில் மாட்டினாள்; கண் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். தலையாட்டினேன். ஒரே தோலில் வெட்டின ஜோடிதான் அது. ஆம்பூர் மேஜைக்கு வந்திருந்தால் நானே ரிஜெக்ட் கூடையில் போட்டிருப்பேன்.