இரைச்சலைக் கண்ணால் பார்த்தவர்

மின் அலைகளைப் படமாகக் காட்டும் அந்தப் பழைய அலைவுகாட்டியின் திரையில் பச்சைக் கோடு தெளிந்து வர ஐந்து நிமிடமாவது ஆகும். பல்கலைக்கழகத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, சேலைத் துணியில் சுற்றி, மூன்று பஸ் மாறி எங்கள் ஊரான தெஹியோவிட்டவுக்குக் கொண்டுவந்திருந்தேன். மின்பொறியியல் மூன்றாம் வருடம். வேலைநிறுத்தத்தால் வகுப்புகள் இல்லை. அம்மா கை முறிந்து, ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் கிடந்தார். காலையில் அவருக்குப் பதிலாக நான் ரப்பர் பால் வெட்டினேன். சனிக்கிழமை பின்னேரங்களில், உயர்தரப் பரீட்சை எழுதவிருந்த மூன்று பெண்பிள்ளைகளுக்கு மின் சமிக்ஞைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். இடம் தந்தவர் கடைவீதியில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் பெரியவர்; எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவார்கள். நான்காவது மாணவராக அவரும் உட்கார்ந்துகொண்டார்.

ஒவ்வொரு வாரமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "மகள், பேச்சு எது, இரைச்சல் எதுன்னு படத்தப் பாத்தே சொல்ல ஏலுமா?" நான்காவது வாரம் மழையில் நனைந்து, கையில் பால் பிசுக்கோடு வந்திருந்தேன். மறுபடியும் கேட்டார்.

"எத்தன தடவதான் சொல்றது? வெளங்கலன்னா விட்டுருங்க நானா."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாடம் முடிந்து அவர்கள் கிளம்பினார்கள். பிறகு நானா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"காது போய்க்கிட்டே இருக்கு மகள். திருத்தின ரேடியோ இரையுதா, பேசுதான்னு தெரியல்ல. வீட்லயும் சொல்லல்ல. சொன்னா கடைய மூடச் சொல்லுவாங்க."

அன்றோடு பாடத்திட்டத்தை ஓரமாக வைத்தேன். பழுதான ரேடியோக்களைத் திரையில் காட்டினேன். மின்சார இரைச்சல் ஒரே அளவாக, மரம் அறுக்கும் வாளின் பல் போல வரும். பேச்சு ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். ஒரு நாள் நானா தானாகவே பழைய மின்தேக்கியைக் கழற்றிப் புதியதை வைத்தார். திரையில் பற்கள் மறைந்தன. "இப்ப இரையுதா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். நானா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகம் திறந்ததும் கருவியை அவரிடமே விட்டுவிட்டுப் போனேன். மேலும் ஆறு வருடம் அதை வைத்துக்கொண்டு தொழில் செய்தாராம்.

இப்போது கொழும்பில் வேலை. தொலைபேசிப் பேச்சிலிருந்து இரைச்சலை நீக்குவதற்குத்தான் சம்பளம். வேலை முடிந்தால் யாரோடும் பேசத் தோன்றுவதில்லை. போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். கடை மூடியிருந்தது, வீட்டில் இருந்தார். அன்று கோபப்பட்டதற்கு மன்னிக்கச் சொல்லி அவசரமாக ஏதோ சொன்னேன்.

"மெதுவாப் பேசுங்க மகள். வாயப் பாத்துத்தான் வெளங்கிக்கிறேன்."

அவர் முகத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.