எனக்கும் திறக்காத பூட்டு

செங்கல்பட்டில் எங்கள் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறைக்குப் பெரிய திரை வந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமல்லபுரம் வரை போகிற லைனில் எங்கே கோளாறு என்று இடத்தோடு காட்டியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சப்ளையை நிறுத்தலாம், கொடுக்கலாம். அப்படியானால் கம்பத்தில் ஏறியிருக்கிறவர் உயிர் என் விரல் நுனியில் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மென்பொருள் எழுதச் சிறுசேரியிலிருந்து வந்தவர்களிடம் ஒரே பிடியாக நின்றேன். ஏறுகிறவர் தன் போனிலிருந்து லைனைப் பூட்ட வேண்டும்; பூட்டு இருக்கும்வரை சப்ளை போகக் கூடாது. இறங்கியபின் அவரே தன் ரகசிய எண்ணைப் போட்டால்தான் திறக்க வேண்டும்.

"அவசரத்துக்குத் திறக்க உங்களுக்கு மட்டும் ஒரு வழி வெச்சிடலாம் மேடம். நீங்கதானே இன்ஜினீயர்?"

"கம்பத்துல நான் இல்லையே. எனக்கும் வேணாம்."

மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். பிடிவாதக்காரி என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேன். பூட்டு நான் கேட்டபடியே அமைந்தது.

மார்கழியில் கடலோர லைன்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான்மேல் உப்பு படியும். அதில் பனி இறங்கினால் சப்ளை போய்விடும். அப்படிப் போன ஒரு காலையில், துடைப்பதற்கு இரண்டு குழுக்கள் ஒரே லைனில் இரண்டு இடங்களில் ஏறின. பதினொரு மணிக்கு ஒரு குழு இறங்கித் தன் பூட்டைத் திறந்தது. ஓட்டல்காரர்களும் சிற்பக்கூடத்துக்காரர்களும் போனில் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தது என்று சப்ளை கொடுக்க அழுத்தினேன். திரை மறுத்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் மறுத்தது.

"சனியன்!" என்று திட்டிக்கொண்டே சிறுசேரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் திரையின் ஓரத்தில் இன்னொரு பூட்டு கண்ணில் பட்டது. இரண்டாவது குழுவை அடியோடு மறந்திருந்தேன். உடனே போனை வைத்தேன்.

அந்தக் குழுவில் ஏறியிருந்த லைன்மேனின் எண்ணுக்கு அடித்தேன். கீழே நின்ற கூட்டாளி எடுத்தார்.

"அண்ணாத்த மேலதான் கீறாரு மேடம். இன்னா, அர்ஜென்டா?"

"இல்ல. நிதானமா முடிச்சிட்டு இறங்கச் சொல்லுங்க."

சாயங்காலம் அலுவலகம் வந்த அந்த லைன்மேனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், கர்வமாகவும் இருந்தது. என் மறதியிடமிருந்து அவரைக் காப்பாற்றியது என் பிடிவாதம்தான்.

அவர் கேட்டார்.

"ரெண்டு தபா அமுக்குனீங்களா?"

"ஆமாம்."

"ரெண்டு தபாவும் உங்களயே வுடலியா?"

"விடல."

"அப்ப நாளைக்குத் தகிரியமா ஏறுவேன் மேடம்."