மிதமான வானிலையின் எதிரி

கடைக்கு வந்ததும் பூட்டைத் திறக்க மாட்டார். முதலில் இரும்பு ஷட்டரில் உள்ளங்கையை அழுத்திப் பார்ப்பார். சுட்டால் ஒரு சிரிப்பு. ஜில்லென்று கடித்தால் அதைவிடப் பெரிய சிரிப்பு. இரண்டும் இல்லையென்றால் முகம் தொங்கிவிடும். "நாடி புடிச்சுப் பாத்துட்டேன் தோழர், செத்துக் கெடக்கு" என்பார் என்னிடம். சாவியைத் தேடும்போதே அன்றைய எரிச்சல் தொடங்கிவிடும்.

இந்த வடநாட்டு ஊரின் தமிழர் தெருவில் அவருக்குக் கூலர்காரர் என்று பெயர். அது கோடைப் பெயர். குளிர்காலத்தில் அதே ஆள் ஹீட்டர்காரர். கோடையில் ஏர்கூலர் பம்பில் படிந்த உப்பைச் சுரண்டுவார். குளிரில் அறுந்துபோன ஹீட்டர் காயிலை மாற்றுவார். இரண்டுக்கும் நடுவே, ஊரே பூங்காவில் உலாவுகிற இதமான மாதங்களில், கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வானத்தை முறைத்துக்கொண்டிருப்பார்.

வருமானம் போகிற கடுப்பு என்றுதான் நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

"சேச்சே. பொழப்பு வேற, ருசி வேற. வெயில்னா ரோட்டுல தாரு உருகணும். குளிர்னா குழாய்ல தண்ணி உறையணும். இது என்ன தோழர், கைகுலுக்கப் போனா வெரல் நுனிய மட்டும் நீட்டுற மாதிரி ஒரு கிளைமேட்டு?"

சமரசத்துக்கு இடமில்லை என்று ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்து விநியோகித்தவன் நான். வானிலை விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் வேண்டும். மெல்லிய காற்று, லேசான வெயில், ஒரு போர்வை. இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும். அவருக்குத் தெரியும். "நீங்க பேச்சுலதான் தீவிரவாதி, ஒடம்புல மிதவாதி" என்பார்.

ஒருகாலத்தில் அவரைச் சங்கத்தில் சேர்க்கப் பார்த்தேன். "எனக்கு முதலாளி, மேல இருக்கிற சூரியன்தான். அதுக்கு எதிரா கோஷம் போட்டா என் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்கணும்" என்று அனுப்பிவிட்டார். என் அமைப்பாளர் வாழ்க்கையில் இத்தனை சீக்கிரம் தோற்றது அங்கேதான்.

சட்டையின் மேல் பட்டன்கள் இரண்டை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. பேசினால் வாயில் புகை வருகிற காலையிலும் நெஞ்சு திறந்தே இருக்கும். "உள்ள காயில் ஓடுதுல்ல" என்று தட்டிக் காட்டுவார். போன வருடம் அப்படித் தட்டிக் காட்டிவிட்டு வெகுநாள் இருமினார். கேட்டால், "அது இருமல் இல்ல, வருஷாந்தர சர்வீஸ்."

மகள் கடலோர ஊரில் இருக்கிறாள். அங்கே வருடம் முழுக்க ஒரே வானிலை. ஒருமுறை மனைவியுடன் போனவர் தினமும் காலையில் பால்கனிக் கம்பியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சுடவும் இல்லை, கடிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் மகள் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார்.

"மாமா, அது நல்லாத்தானே ஓடிச்சு?" என்றாராம் மருமகன்.

"ஓடிச்சு மாப்ள. அதான் எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு."

திரும்ப மாட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம். அவை இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. விசிறி அதன்பிறகு கடகடவென்று ஆடுகிறதாம். இந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொல்பவரும் அவரேதான். "வேலை தெரியாதவன் கெடுத்தா ரிப்பேரு. நான் கெடுத்தா அனுபவம்."

கதை முடியும்போது சிரிக்காமல் இருப்பவர் அவர் மனைவி ஒருவர்தான். கடைக்கு மேல் மாடியில் வீடு. குளிர் வந்தால் அந்த அம்மாவுக்கு முழங்கால் பூட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாகக் குழந்தை மாதிரி இறங்குவார். இந்த வருடம் முதல் குளிருக்கே இறங்குவதை நிறுத்திவிட்டார். கூலர்காரர் பதறிப்போய், பழுதுக்கு வந்து சரிசெய்து வைத்திருந்த மூன்று ஹீட்டர்களை மாடிக்குத் தூக்கிப் போய், மனைவியைச் சுற்றி வைத்து, ஒரே சமயத்தில் சுவிட்சைப் போட்டார். கட்டடம் முழுக்க இருட்டாகிவிட்டது.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நான் மெழுகுவர்த்தியோடு ஏறிப் போனேன். அவர் ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா தோழர், ஊருக்கே கரண்ட்டு வைத்தியம் பாக்குறவன் வீட்டு லட்சணத்த!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு ஹீட்டர் வேணாங்க. குளிரில்லாத ஊர் வேணும். பொண்ணு கூப்புட்டுக்கிட்டேதானே இருக்கா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்கண்ணே. இந்த மனுஷனுக்கு ஜில்லுனு ஷட்டரைத் தொட்டுப் பாக்கணும். அதுக்காக நான் இந்த மாடியிலேயே கெடக்கணுமா?"

மேடை கிடைத்தால் விடாதவன் நான். அன்றைக்கு மெழுகுவர்த்தி கையில் வழிகிறது என்று பாவனை செய்தேன்.

அதன்பின் சில நாள் கூலர்காரர் காலையில் ஷட்டரைத் தொட்டுப் பார்க்காமலே திறந்தார்.

போன வாரம், மகள் ஊருக்குப் புறப்பட, கடைவாசலில் டாக்ஸி நின்றது. அந்த அம்மாவை நானும் கூலர்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்கி வண்டியில் உட்கார வைத்தோம். இரண்டு பெட்டி, ஒரு கருவிப் பை. அன்றைக்கு இந்தக் குளிர்காலத்திலேயே கடுமையான குளிர். அவர் ஷட்டரை இழுத்து, பூட்டி, அதில் உள்ளங்கையை வைத்தார். வழக்கத்தைவிட வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. "என்னமா கடிக்குது!" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

பழைய ஹீட்டர் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதிர்க்கடைத் தையல்காரர் ஓடி வந்தார்.

"என்னண்ணே இது, சீசன் நேரத்துல கடைய மூடுறீங்க?"

"வயசாச்சுல்லப்பா. எனக்கு இப்பல்லாம் குளிரே ஒத்துக்கறதில்ல."

"ஒங்களுக்கா? குளிரா?" தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "உள்ள ஓடுற காயில் என்னாச்சு?"

"அதுவும் போயிடுச்சு. அதான் மனசில்லாம வர்றவள நான்தான் இழுத்துட்டுப் போறேன்."

டாக்ஸியின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. அந்த அம்மா தலையை நீட்டி அவரையே பார்த்தார்.

கூலர்காரர் தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டினார். பிறகு மேல் பட்டன்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக, கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார்.